கோப்பன்ஹேகனில் இருந்து லண்டன் இரண்டு மணித்தியாலம்

என் கணவர் லண்டனுக்குப் போவது என்று முடிவான அன்று, எங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "குன் டோ டிமர், மோர்," என்றாள். இரண்டே மணித்தியாலம்தான், அம்மா என்று அர்த்தம். தூரத்தையும் அவளே டேனிஷில் வாசித்தாள். ஆயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் கோப்பன்ஹேகனுக்கு வெளியே அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறோம். டென்மார்க்கிலேயே ரண்டர்ஸில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க ரயிலில் போனால் அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். அதனால் மகள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அவர் நீண்ட காலம் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். இயந்திரங்களுக்குத் தாள் ஏற்றுவது, பழுது பார்ப்பது, அச்சான கட்டுகளை அடுக்குவது எல்லாம் அவர் வேலை. அச்சகம் மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதன் பிறகு ஒரு பயிற்சி, இன்னொரு பயிற்சி, எங்காவது இரண்டு மாத வேலை என்று காலம் போனது. பகல் முழுக்க வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனிதர். நான் வேலையால் வரும்போது யன்னல் பக்கத்துக் கதிரையில் சப்பாத்தோடு இருப்பார். எங்கும் போவதற்கில்லை. ஆனாலும் சப்பாத்துப் போட்டிருப்பார்.

அந்த நேரத்தில்தான் லண்டனில் கடை வைத்திருந்த அவருடைய அண்ணனுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கடையைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது.

"மூண்டு மாசம் போய் நிண்டிட்டு வாறன். அண்ணை எழும்பி நடக்கிற மட்டும்," என்றார்.

"போங்கோவன். ஆர் மறிச்சது?" என்றேன்.

அப்போது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இருந்தது. டேனிஷ் கடவுச்சீட்டோடு அடுத்த ஊருக்குப் போவதுபோல் போகலாம். அவர் ஒரு சின்னப் பெட்டியோடு போனார். அண்ணன் எழும்பி நடந்தார். ஆனால் பாரம் தூக்கக் கூடாது, கனநேரம் நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் ஆறு மாதமாகி, பிறகு வருடமாகியது. எப்போது திரும்பி வருவீர்கள் என்று நான் கேட்பதை எந்த மாதத்தில் நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

இரண்டு மணித்தியாலம் என்பது விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான். அவர் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கடைக்கு மேலே இருந்த அறையை விட்டு இறங்க வேண்டும். பேருந்தில் விமான நிலையம். அங்கே சோதனை வரிசை, அதன் பிறகு காத்திருப்பு. கோப்பன்ஹேகன் விமான நிலையமான காஸ்ட்ரூப்பில் இறங்கி நகரத்துக்கு ஒரு ரயில், அங்கிருந்து எங்கள் ஊருக்கு எஸ் ரயில் என்னும் புறநகர் ரயில், பிறகு பத்து நிமிட நடை. லண்டன் நேரம் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் என்பதால் அந்த ஒரு மணித்தியாலமும் எங்கள் பக்கம் வரும்போதுதான் குறையும். வீட்டு மணியை அவர் அடிக்கும்போது சனிக்கிழமை பின்னேரமாகிவிடும். குளித்து, சாப்பிட்டு, "கொஞ்சம் சரியிறன்," என்று கட்டிலில் சாய்வார். எழும்பும்போது வெளியே இருட்டியிருக்கும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு பெட்டியை எடுத்து வெளியே வைப்பார்.

அவர் வந்து போவதைப் பற்றி ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். "என்ன, பக்கத்திலைதானே. நினைச்சவுடன வந்திடலாம்," என்பார்கள். ஓம் என்று தலையாட்டுவேன். விளங்கப்படுத்துவதற்கும் பலம் வேண்டும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரு வார இறுதி வேலை, அடுத்த வார இறுதி ஓய்வு. கடையிலும் அவருக்கு ஒன்றுவிட்டு ஒரு வார இறுதிதான் விடுமுறை கிடைத்தது. அப்போது கடையைப் பார்க்கும் அண்ணனின் மனைவிக்கு மற்ற வார இறுதிகளில் வேறு வேலை. கெட்ட காலத்துக்கு அவருக்கு விடுமுறை வரும் கிழமைகளில்தான் எனக்கு வேலை வந்தது. பொறுப்பாளரிடம் சொன்னேன். பட்டியலை எனக்காக மாற்ற முடியாது, வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் யாரோடாவது மாற்றிக்கொள் என்றார்.

என்னோடு வேலை செய்த ஒரு டேனிஷ் பெண் அடிக்கடி மாற்றித் தந்தாள். அவள் ஒரு குதிரை வளர்த்தாள். வார இறுதி என்றால் அவளுக்கு அந்தக் குதிரைதான். எனக்காக எத்தனையோ சனிக்கிழமைகளை விட்டுத் தந்திருக்கிறாள். ஒரு நாள் உடுப்பு மாற்றும் அறையில் நான் மறுபடி கேட்டபோது, அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே டேனிஷில் சொன்னாள்.

"இந்த முறை என்னால் முடியாது. நான் கேட்கிறேன் என்று குறை நினைக்காதே. உன் கணவர் எப்போதுதான் வீட்டுக்கு வருவார்?"

"மாதம் இரண்டு தடவை வருவார்," என்றேன்.

"நான் அதைக் கேட்கவில்லை," என்றாள்.

அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். கோபம் வரவில்லை. அன்று காலை நான் நான்கு பேரைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. போய்க் குளிப்பாட்டினேன்.

அந்த வார இறுதி அவர் வந்தார். சனிக்கிழமை நான் மாலை வேலையில். ஞாயிறு காலை வேலையில். நான் போகும்போது அவர் வந்திருக்கவில்லை, நான் திரும்பி வந்தபோது தூங்கியிருந்தார், விடிய நான் கிளம்பும்போதும் தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை. ஞாயிறு பின்னேரம் வேலை முடிந்து ரயிலால் இறங்கினேன். அவர் மேடையில் பெட்டியோடு நின்றார். நகரத்துக்குப் போகும் ரயில் வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது.

"கறி வைச்சு மூடியிருக்கு. சோறு சூடாக்கினால் சரி," என்றார்.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"ஓம். நீர் போய்ப் படும். முகம் வாடிக் கிடக்கு."

"உங்கடை முகமும் அப்பிடித்தான்."

அவர் சிரித்தார். ரயில் வந்தது. ஏறி, கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இறைச்சிக் கறி. மேசை துடைத்திருந்தது. அவருடைய துவாய் மட்டும் ஈரமாகக் கொடியில் கிடந்தது. நின்றபடியே சட்டியில் இருந்து இரண்டு வாய் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

இப்படி வருவதும் போவதுமாக மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது, இலையுதிர்கால விடுமுறையில் நான் அங்கே போனேன். முன்பு ஒரு தடவை சத்திரசிகிச்சைக்குப் பின் அத்தானை, அதாவது அவருடைய அண்ணனைப் பார்க்கப் போய் உடனே திரும்பியிருந்தேன். இந்த முறைதான் ஒரு கிழமை முழுக்கக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் தங்கினேன்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஓர் அலுமாரி, கேத்தில், இரண்டு கோப்பைகள். யன்னலைத் திறந்தால் பேருந்துத் தரிப்பிடம். நான் தேநீர் போடக் கரண்டி தேடினேன். அவர் திரும்பியும் பார்க்காமல் கையை நீட்டி ஒரு டப்பாவுக்குள் இருந்து கரண்டியை எடுத்துத் தந்தார். எங்கள் வீட்டில் கரண்டி எந்த இழுப்பறைக்குள் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் கேட்பார்.

கீழே கடைக்குள் அவர் வேறு ஆளாக இருந்தார். வருகிற பெண்கள் எல்லாம் "அண்ணை, முருங்கைக்காய் எப்ப வரும்? அண்ணை, போனமுறை தந்த மீன் சரியில்லை," என்று கதைத்தார்கள். அவர் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். யாருடைய பிள்ளைக்குச் சோதனை, யாருடைய கணவனுக்கு முதுகு நோ என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண் என்னைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டாள். "என்ரை மனுசி. டென்மார்க்கிலையிருந்து வந்திருக்கிறா," என்றார். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். "அண்ணைக்குக் குடும்பம் இருக்கே!" என்று அவள் சொன்னதில் கெட்ட நோக்கம் ஒன்றும் இல்லை.

அன்று கடை பூட்டியபின் மேலே வந்து கட்டிலில் இருந்தோம்.

"இஞ்சை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"நல்லா எண்டு என்ன? பழகிட்டுது."

"வீட்டிலை இப்பிடிக் கதைக்கிறேல்லையே நீங்கள்."

அவர் காலுறையைக் கழற்றினார். "வீட்டுக்கு வரேக்கை என்னட்டைக் கதை மிச்சம் இருக்கிறேல்லை," என்றார்.

அது உண்மை. என்னிடமும் இருப்பதில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க உரத்த குரலில், மெதுவாக, சிரித்த முகத்தோடு கதைத்துவிட்டு வருகிறவள் நான். வீட்டில் வாயை மூடி இருப்பதுதான் எனக்கு ஓய்வு. அதை அவரிடம் சொன்னேன். அந்தக் கிழமை நான் கடையில் வெங்காயம் தரம் பிரித்து வைத்தேன், தேங்காய் அடுக்கினேன். திரும்பி வரும் விமானத்தில் பின்காற்று நன்றாக இருப்பதால் சீக்கிரம் போய்விடுவோம் என்று விமானி அறிவித்தார். எனக்குச் சீக்கிரம் போக வேண்டும்போல் இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அப்படியே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. முதியோர் இல்லத்தின் கதவுகளை உறவினர்களுக்குப் பூட்டினார்கள். பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே நின்று தாய் தகப்பனுக்குக் கை காட்டினார்கள். நாங்கள் முகக்கவசத்துக்குள் வியர்த்தோம். அவருடைய கடையோ பூட்டாமல் நடந்தது. வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். இரண்டு பேருமே ஆட்களோடு நெருங்கி வேலை செய்தோம். ஒருவருக்காக ஒருவர் பயந்தோம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மத்தியானம் என் காலை வேலை முடிந்து வந்ததும் அவரைக் காணொளியில் கூப்பிடுவேன். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பேன். அவர் கடையின் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் ஏதோ மா மூட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் அவர் இன்னும் திரையில் இருந்தார். கடலைப் பருப்பைச் சின்னப் பைகளில் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் போனை வைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் நித்திரை கொண்டீர். இருக்கட்டும் எண்டு விட்டனான்."

நோய்க்காலம் ஓய்ந்து எல்லாம் திறந்தபோது அத்தானுக்குக் கடை நடத்தும் ஆசை போய்விட்டது. அவருடைய மகனுக்குக் கணினி வேலை, கடை வேண்டாம். வேறு ஒருவர் கடையை எடுத்தார். என் கணவர் இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்தார். நான் காஸ்ட்ரூப்புக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மகள் அதற்குள் படிப்புக்காகக் கோப்பன்ஹேகனில் ஓர் அறை எடுத்துப் போயிருந்தாள். பெட்டிகளை வைக்க அவளுடைய அறை இருந்தது.

ஒன்றாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இரண்டு பேரும் இத்தனை வருடம் நினைத்திருந்தோம். அவர் கடைப் பழக்கத்தில் விடிய முன் எழும்பி விளக்குகளைப் போட்டார். நான் மாலை வேலை முடிந்து வந்து தூங்கும் நாட்களில் சமையலறையில் கோப்பைச் சத்தம் கேட்கும். ஒரு நாள் வந்து பார்த்தால் அலுமாரிக்குள் என் தூள் போத்தல்கள், பருப்பு டப்பாக்கள் எல்லாம் கடையில் போல முன்பக்கம் பார்த்து வரிசையாக நின்றன. பெரியது பின்னால், சின்னது முன்னால். எனக்கு மிளகாய்த்தூள் கைக்கு வரவில்லை. பழைய இடத்தில் கை போய் வெறும் தட்டைத் தடவியது.

"ஆர் இதையெல்லாம் மாத்தச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

அவர் கூடத்தில் இருந்து எழும்பி வந்து வாசலில் நின்றார். நான் கத்தி அவர் கேட்டதில்லை.

"இஞ்சாரும், நான் வந்தது உமக்குக் கரைச்சலோ?"

"கரைச்சல் இல்லை."

"அப்ப?"

"பழக்கம் இல்லை," என்றேன். "இந்த அலுமாரியை நான் தனிய வைச்சுப் பழகிட்டன். இந்த வீட்டையும் அப்பிடித்தான்."

அவர் உள்ளே வந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "சொல்லும், எது எங்கை?" என்றார். நான் சொல்ல அவர் அடுக்கினார். மிளகாய்த்தூள், மஞ்சள், பெருஞ்சீரகம். பாதியில் எனக்கே எது எங்கே இருந்தது என்று மறந்துபோனது. "எங்கையெண்டாலும் வையுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அவர் எங்கேயோ வைத்தார். அதற்குப் பிறகு அந்த அலுமாரியில் எங்கள் இருவருக்குமே எதுவும் உடனே கிடைப்பதில்லை.

கொஞ்சக் காலத்தில் அவருக்கு டாஸ்ட்ரூப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. சண்டை ஓய்ந்தது. சண்டை பிடிக்க இருவருக்கும் நேரம் ஒத்துவராததும் ஒரு காரணம். இப்போது அவருக்கு ஒவ்வொரு வார இறுதியும் ஓய்வு. நான் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவர் சமைத்து வைக்கிறார். வந்து, இருந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுகிறேன். அவர் எதிரே இருக்கிறார். அதிகம் கதைப்பதில்லை.

போன வசந்தகாலத்தில் அத்தானின் மகனுக்கு லண்டனில் கல்யாணம். விமானத்தில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இத்தனை வருடத்தில் இந்த வழியால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தடவையும் போனதில்லை.

"நீர் யன்னலுக்குப் போம். எனக்கு வேண்டாம்," என்றார். இருக்கைப் பட்டியைப் போட்டார். மேலங்கியை மடித்து மடியில் வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். விமானம் இன்னும் நகரக்கூட இல்லை, தூங்கிவிட்டார். பாதுகாப்பு அறிவிப்பு, இயந்திர இரைச்சல், எழும்பும்போது வரும் குலுக்கம், எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களிடம் பேசிப் பழகிய அந்த வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாடியில் சவரம் செய்யாமல் விட்ட இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது. கீழே கடலுக்குள் காற்றாலைகள் வரிசையாக நின்றன. நான் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

நடுவழியில் அவருடைய தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. பாரமாக இருந்தது. தேநீர் வண்டி வந்து முழங்கையில் தட்டியதும் திடுக்கிட்டு நிமிர்ந்து, என்னைப் பாராமலே, "ஸொறி, ஸொறி," என்றார். பிறகுதான் திரும்பினார்.

"நீரே?"

"நான்தான்."

அவர் வெட்கப்பட்டதுபோல் முகத்தைத் துடைத்தார்.

"எத்தினை பேரின்ரை தோளிலை இப்பிடி விழுந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும். ஒருக்கா ஒரு வெள்ளைக்கார மனுசி தன்ரை சால்வையை மடிச்சுத் தலைக்கு வைச்சு விட்டவ. இறங்கேக்கைதான் கண்டனான்."

"என்னட்டைச் சொல்லேல்லையே."

"சொல்ல மறந்திட்டன்," என்றார்.

அந்தப் பெண் யாரோ. நான் மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னேன். தோளைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் சாய்ந்தார். தூங்கினாரா, கண்ணை மூடியிருந்தாரா தெரியவில்லை.

கடவுச்சீட்டு வரிசை நீளமாக இருந்தது. என் கால்கள் வீங்கிவிட்டன. அத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். மறுநாள் கல்யாணத்துக்குப் பலகாரம் அடுக்குவதும் பூக் கட்டுவதுமாக ஒரே சத்தம். எங்களுக்கு மேலே ஓர் அறை ஒதுக்கித் தந்திருந்தார்கள். உடுப்பு மாற்றிக்கொண்டு கீழே வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏறினோம். அவர் கட்டிலின் ஒரு பக்கம் இருந்தார், நான் மறுபக்கம் இருந்தேன். பிறகு இருவரும் அப்படியே சரிந்துவிட்டோம்.

யாரோ ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்கள். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டபடி இருந்தது. நாங்கள் எழும்பிப் போகவில்லை.